பெரம்பலூர் சாலையில் கை காட்டியவர்கள்

ஊர் மண்ணில் ஸ்டியரிங்கைப் பிடித்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, போலீஸ் என்னை நிறுத்தியது.

நான் நியூ ஜெர்சியில் பதினோரு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். முழங்கால் அளவு பனியில், பின்னால் ஐம்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, ஒரு கீறல் விழாமல் ஓட்டியவள். அதனால் திருச்சியில் என் அண்ணன் தன் காரின் சாவியை நீட்டி, "நம்மூரு ரோட்ல ஓட்டிருவியா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆட்டோமேட்டிக் கார். அமெரிக்க உரிமம், சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம், காரின் காகிதங்கள் எல்லாம் கைப்பெட்டியில் இருந்தன. நான்கு நாள் வேலை. அரியலூரில் என் பிறப்புச் சான்றிதழை வாங்க வேண்டும். அமெரிக்காவில் குடியுரிமை விண்ணப்பத்துக்கு அது இல்லாமல் ஒரு அடி நகர முடியவில்லை. பிறந்தது கீழப்பழுவூர், வாழ்க்கைப்பட்டது எறையூர். தங்கியது எறையூரில், என் கொழுந்தன் செல்வம் வீட்டில்.

செல்வம் விமான நிலையத்துக்கு பஸ்ஸில் வந்திருந்தான். நாற்பத்தொரு வயது. இடது காலைச் சற்று இழுத்து நடந்தான். "நீங்களே ஓட்டுங்க அண்ணி, நான் வழி சொல்றேன்" என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டான்.

பெரம்பலூர் டவுனைத் தாண்டி, கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். காற்றில் சர்க்கரை ஆலையின் புளித்த வெல்ல வாசனை. ஒரு வேப்பமரத்தடியில் தடுப்பு வைத்து இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். இளையவர் கை காட்டினார்.

இடது இண்டிகேட்டரைத் தட்டினேன். பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச்சென்று ஓடியது. அமெரிக்க வண்டியில் இண்டிகேட்டர் இருக்கும் இடத்தில் இங்கே வைப்பர். அதை நிறுத்தத் தடுமாறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் செல்வத்தின் குரல் வேறு மாதிரி கேட்டது.

"அண்ணி, திருப்புங்க."

"என்னது?"

"வண்டியத் திருப்பிடுங்க. வந்த வழியே போயிரலாம்."

"எதுக்கு? எல்லாக் காகிதமும் இருக்கே."

"திருப்புங்கன்னா திருப்புங்களேன்!"

நான் திருப்பவில்லை. ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் தெரியும்படி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பதினோரு வருடத்துப் பழக்கம் இது. அங்கே போலீஸ் வண்டி பின்னால் விளக்கு மின்ன வந்து நிற்கும். அதிகாரி வரும்வரை சீட்டை விட்டு அசையக் கூடாது. கையைப் பைக்குள்ளோ டாஷ்போர்டு பெட்டிக்குள்ளோ விடக் கூடாது. விட வேண்டுமென்றால் முதலில் சொல்லிவிட்டு விட வேண்டும். கை எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் அவர் கை துப்பாக்கிக்குப் போகும். புது ஓட்டுநர்களுக்கு இதை நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. பின்புறக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது, போலீஸ்காரர் எனக்கு முன்னால் நிற்கிறார் என்று. நான் இறங்கி வருவேன் என்று அவரும், அவர் வருவார் என்று நானும் காத்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அவர்தான் வந்தார். முகத்தில் கடுப்பு.

"என்னம்மா, எறங்கி வரமாட்டீங்களா? சாமி கும்புடுற மாதிரி கைய வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க?"

"கையை எடுக்கட்டுமா சார்?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "உங்க கைதானேம்மா, என்னைய எதுக்குக் கேக்குறீங்க?"

மரத்தடியில் நாற்காலியில் இருந்த ஏட்டு வாய்விட்டுச் சிரித்தபடியே எழுந்து வந்தார். சர்வதேச அனுமதிப் புத்தகம் அவர் கைக்குப் போனது. அந்தச் சாம்பல் நிறப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டி, ஃபோட்டோவையும் என்னையும் ஒப்பிட்டு, "அமெரிக்காவுல பஸ் ஓட்டுறீங்களா? பொம்பள புள்ளைங்க அங்க பஸ்ஸெல்லாம் ஓட்டுதா?" என்று விசாரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு குனிந்து செல்வத்தைப் பார்த்து, "தம்பி, பெல்ட்டப் போடுப்பா" என்றார்.

செல்வம் பெல்ட்டை இழுத்தான். அதன் நாக்கு கொக்கிக்குள் நுழையவே இல்லை. அவன் விரல்கள் அப்படி நடுங்கின. நான்தான் கை நீட்டி மாட்டிவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சின்ன வெங்காயத்தை முழுசாகப் போட்ட புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும். நியூ ஜெர்சியில் இந்த வெங்காயத்தை வாரம் ஒருமுறை சின்னப் பொட்டலமாக வாங்குவோம். இங்கே சமையல் கட்டின் மூலையில் சாக்கோடு சாய்ந்து கிடந்தது. செல்வம் சாப்பிட்டதும் படுக்கப் போய்விட்டான். அவன் மனைவி மலர்கொடி பாத்திரத்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு வண்டியத் தொட்டே ரெண்டு வருசமாச்சு அக்கா. அன்னிக்கு போலீசு செக்கிங். இவரு ஹெல்மெட்டு போடல, இன்சூரன்சும் முடிஞ்சிருந்துச்சு. தொரத்துனாங்களாம். பயந்து திருப்புனதுல கரும்பு டிராக்டரு அடிச்சிருச்சு. காலுக்குள்ள கம்பி வச்சிருக்கு. எட்டு மாசம் ஆசுபத்திரியும் கட்டிலுமாத்தான் கெடந்தாரு. இப்ப பஸ்ல போனாக்கூட, காக்கியப் பாத்தா தலையக் குனிஞ்சிக்கிறாரு."

மறுநாள் அரியலூர். பெரம்பலூர் பக்கம் மண் கறுப்பு. அரியலூரை நெருங்க நெருங்க சாலையோரச் செடி, கடைப் பலகை, ஆட்டின் முதுகு எல்லாவற்றிலும் வெள்ளைத் தூசி. சுண்ணாம்புக் கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. சுமையோடு போகும்போது அவை பொறுமையாகத்தான் போகின்றன. காலியாகத் திரும்பும்போது பார்க்க வேண்டும்.

பிறப்புப் பதிவு ஆபீஸில் ஒரு பெண் ஊழியர் பழைய பதிவேட்டை எடுத்துத் துணியால் துடைத்துப் பக்கம் பக்கமாகத் தேடினார். என் அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது. என் பெயருக்கான இடத்தில் 'பெண் குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தது.

"பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே பதிஞ்சிட்டாங்கம்மா. அந்தக் காலத்துல அப்படித்தான். எழுதிக் குடுங்க, சேத்துத் தரோம். நாள மறுநா வாங்க."

நாற்பத்தெட்டு வருடம் பெயரில்லாமல் அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் இலை போட்ட ஒரு கடையில் வத்தக்குழம்புச் சாப்பாடு சாப்பிட்டோம். பரிமாறியவர் கேட்காமலே மூன்றாவது முறை சோறு போட்டார். வேண்டாம் என்று கையால் மறைத்தால் விரலிடுக்கில் போடுகிறார்.

திரும்பும் வழியில் இரண்டாவது கை. வெள்ளைத் தூசி மூடிய ஒரு சாலை. காவலர் ஒருவர் ஓரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்து கை நீட்டினார். முந்தைய நாள் பாடத்தை நான் நன்றாகப் படித்திருந்தேன். இங்கே கை காட்டினால் நிற்க வேண்டும், காகிதத்தோடு இறங்கிப் போக வேண்டும். அவ்வளவுதானே! அந்த இடத்திலேயே பிரேக்கை அழுத்தினேன், தார் ரோட்டின் மேலேயே. காகித உறையை எடுத்துக்கொண்டு வலப்பக்கக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன்.

காது கிழியும் ஹார்ன். செல்வம் என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தான். காலி டிப்பர் ஒன்று என் திறந்த கதவுக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்தது. கதவு அந்தக் காற்றில் தானாக அடித்து மூடிக்கொண்டது. முன்னால் போய் வேகம் குறைந்த லாரியிலிருந்து ஓட்டுநர் தலையை நீட்டிக் கத்தினார்.

"போலீசப் பாக்காதம்மா! மொதல்ல கண்ணாடியப் பாரு!"

காவலர் ஓடி வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவருக்கே மூச்சு வாங்கியது.

"நிப்பாட்டச் சொன்னா நடு ரோட்லயாம்மா நிப்பாட்டுவீங்க? அம்பதடி தள்ளிப் போயி மண்ணுல எறக்கி நிப்பாட்டுனா நான் வேணாம்னா சொல்லப் போறேன்? நடந்து வர மாட்டேனா?"

காரை ஓரமாக இறக்கச் செய்து, தன் பாட்டிலில் இருந்து தண்ணீர் கொடுத்தார். உரிமத்தைக் கேட்கவே இல்லை. "கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அவமானமாக இருந்தது. பதினோரு வருடம், ஒரு கீறல் இல்லை என்று பீற்றிக்கொண்டவள் ஒரு சாண் இடைவெளியில் தப்பியிருக்கிறேன். நான் அங்கே கற்றது தவறில்லை. அங்கே பயம் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்பவரிடம். அவருக்கும் நம்மிடம் அதே பயம். இங்கே ஜன்னல் பக்கம் வருபவர் தண்ணீர் கொடுக்கிறார். வினை பின்னாலிருந்து பத்துச் சக்கரத்தில் வருகிறது. ஊர் மாறினால் எதற்குப் பயப்படுவது என்பதும் மாற வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து வந்த டீக்கடையில் நிறுத்தினேன். செல்வம் டீயைத் தொடவில்லை. ஏடு படிந்துகொண்டிருந்தது.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க தம்பி."

"அன்னிக்கு என்னைய யாரும் தொரத்தல."

என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வளைவு திரும்புனேன். ஒரு ஏட்டு நின்னாரு. கைய மட்டுந்தான் காமிச்சாரு. நின்ன எடத்த விட்டு நவுரக்கூட இல்ல. நான்தான் பயந்து சடார்னு திருப்புனேன். பின்னாடி டிராக்டரு வரத நான் பாக்கவே இல்ல. ரோட்ல கெடந்தப்ப என்னையத் தூக்கி ஆட்டோவுல போட்டதே அவருதான். ஆசுபத்திரி வரைக்கும் என் காலப் புடிச்சிக்கிட்டே வந்தாரு. அவரு சட்டையெல்லாம் என் ரத்தம்."

"அப்புறம் ஏன் துரத்தினாங்கன்னு..."

"நான் சொல்லல அண்ணி. ஊர்ல சொன்னாங்க. போலீசு தொரத்தித்தான் விழுந்துட்டான்னு பேசுனாங்க. மறியலே பண்ணுனாங்க. நான் கட்டில்ல கெடந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். இல்லன்னு ஒரு வார்த்த சொல்லல. எம்மேல தப்பில்லன்னு ஆவுதேன்னு சும்மா இருந்துட்டேன். அவர அங்கேருந்து மாத்திட்டாங்க." அவன் டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "காக்கியப் பாத்தா எனக்குப் பயம்னு மலரு நெனைக்கிறா. பயமில்ல அண்ணி. அது அவரா இருந்துருமோன்னுதான்."

வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணி என்பதால் புத்தி சொல்லலாம்தான். ஆனால் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை எனக்கு. "டீ ஆறிப்போச்சு, வேற சொல்றேன்" என்றேன்.

மூன்றாம் நாள் வேலை எதுவும் இல்லை. கீழப்பழுவூருக்குப் போனோம். நான் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சோழர் காலத்துக் கோயிலில் எங்களைத் தவிர ஒரு வெள்ளாடுதான் இருந்தது, கல் தூண் நிழலில் கண்ணை மூடி அசை போட்டபடி. வெளியே ஒரு பெண் முந்திரிப்பழம் விற்றாள். சாறு சட்டையில் பட்டால் கறை போகாது என்று எச்சரித்துவிட்டுத்தான் கொடுத்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் செல்வத்தின் சட்டையில் கறை விழுந்துவிட்டது. தொண்டை கரகரவென்று அரித்தது. ஆனாலும் ஆளுக்கு மூன்று பழம் தின்றோம்.

மதியம் மூன்று மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரம்பலூர் எல்லைக்குள் நீளமான, நேரான சாலை. தூரத்தில் தடுப்பும் ஜீப்பும் தெரிந்தன. இந்த முறை நான் கண்ணாடியைத்தான் முதலில் பார்த்தேன். பின்னால் ஒரு தனியார் பஸ், இன்னும் கொஞ்சம் தள்ளி. சரியான பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டேன். மெதுவாகத் தாரை விட்டு மண்ணில் இறக்கி நிறுத்தினேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர். ஓட்டியவளுக்கு முப்பது வயது இருக்கும். முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை நின்றுகொண்டிருந்தது. இருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. ஜீப்பைக் கண்டதும் அவள் பிரேக் போட்டாள். ஒரு கணம் தயங்கினாள். பிறகு முன் சக்கரம் வலப்பக்கம் மெல்லத் திரும்பியது.

எதிரில் இரண்டு டிரெய்லர் நிறையக் கரும்போடு டிராக்டர் வந்துகொண்டிருந்தது. பின்னால் அந்த பஸ். அவள் இரண்டையும் பார்க்கவில்லை. ஜீப்பைத்தான் பார்த்தாள்.

நான் ஹார்னில் கை வைப்பதற்குள் செல்வம் இறங்கிவிட்டான். கம்பி வைத்த காலோடு அவன் ஓடுவதை அப்போதுதான் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, விழுந்துவிடுவான் போல ஓடினான்.

"யம்மா! திரும்பாத! அப்படியே நில்லு! நில்லு!"

அவன் கத்தியதில் அவள் மிரண்டு காலை ஊன்றினாள். பஸ் ஹார்ன் அடித்தபடி அவள் வலப்பக்கமாகக் கடந்தது. அடுத்த நொடியே எதிர்த்திசையில் டிராக்டர். கரும்புத் தோகை அவள் மேல் சிதறி விழுந்தது. செல்வம் ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரைப் பிடித்து, அவளோடும் குழந்தையோடும் சேர்த்து மண்ணுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

அவளுக்கு என்ன நடந்ததென்றே புரியவில்லை. "விடுங்கண்ணா, ஹெல்மெட்டு இல்ல. பாப்பாவ ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வரேன். ஃபைன் எழுதிருவாங்கண்ணா" என்று கெஞ்சினாள்.

"எழுதட்டும்மா. எழுதுனா வாங்கிக்கிட்டு வூட்டுக்குப் போயிரலாம். நான் உன்ன மாதிரிதான் திருப்புனேன். எட்டு மாசம் எந்திரிக்கல." பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினான். நீளமான தழும்பு. குழந்தை அதை எட்டிப் பார்த்தது.

"வா, நான் கூட வரேன்" என்று ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு, நடந்து, நேராக ஜீப்பை நோக்கிப் போனான். முந்தாநாள் பெல்ட் மாட்ட முடியாமல் நடுங்கிய அதே ஆள்.

அங்கே இருந்தவர் ஒரு பெண் எஸ்.ஐ. எல்லாவற்றையும் பார்த்திருந்தார் போல. முதலில் குழந்தையின் தலையில் இருந்த தோகையை எடுத்துப் போட்டார். "லைசென்ஸ் எங்கம்மா? வூட்ல இருக்கா? பரவால்ல, போன்ல அரசாங்க ஆப்புல இருக்குமே, அதக் காட்டு. அது போதும்." அந்தப் பெண்ணின் போனில் இருந்தது. அது செல்லும் என்பதே அவளுக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை. ஹெல்மெட்டுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். "என்னையப் பாத்துத் திருப்பாதம்மா. நான் எழுதுறது காகிதத்துல. அது என்னைக்கு வேணா கட்டிக்கலாம்" என்றார்.

பிறகு என் முறை. ஜன்னலருகே வந்தார். "காகிதமெல்லாம் கைப்பெட்டியில இருக்கு மேடம், எடுக்கிறேன்" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன். "சொல்லிட்டு எடுக்குறீங்களே, நல்ல பழக்கம்" என்றார். "ஒரு காரியம் செய்ங்க. எறங்கச் சொன்னா, கதவ இந்தக் கையால தொறங்க." என் இடது கையைத் தொட்டார். "ஸ்டியரிங் பக்கத்துக் கதவ எடது கையால தொறந்தா ஒடம்பு தானா பின்னாடி திரும்பும். பின்னாடி வர வண்டி தெரியும்." முந்தின நாள் நடந்ததை நான் அவரிடம் சொல்லவே இல்லை. இடது கையால் கதவைத் திறந்து பார்த்தேன். உண்மைதான், தலை தானாகப் பின்னால் திரும்பியது. நான் வகுப்பெடுத்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

செல்வம் இன்னும் ஜீப் பக்கத்திலேயே நின்றான். எஸ்.ஐ. அவனிடம், "நீ அந்தப் பொண்ணுக்குச் சொந்தமாப்பா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம்." பிறகு டீக்கடையில் என்னிடம் சொன்னதை அப்படியே, ஒன்றைக்கூட விடாமல், அவரிடம் சொன்னான். எந்த வளைவு, எந்த மாதம், எந்த ஏட்டு. சொல்லும்போது தலையைக் குனியவில்லை.

எஸ்.ஐ. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அவரு இப்ப அரியலூர்ல ட்ராஃபிக்ல இருக்காரு. காலைல ரவுண்டானாகிட்ட நிப்பாரு. எங்கிட்ட சொன்னத அவர்கிட்ட போயிச் சொல்லு."

அன்றிரவு செல்வம் மலர்கொடியிடமும் சொல்லியிருக்க வேண்டும். விடிகாலையில் அவள் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் கணவனுக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள்.

நான்காம் நாள் காலை சான்றிதழ் கைக்கு வந்தது. 'பெண் குழந்தை' இருந்த இடத்தில் என் பெயர். ஊழியர் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரவுண்டானாவுக்குப் போனோம். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம்.

அவர் நடுவில் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த மனிதர். கறுப்புக் கண்ணாடி, முகத்தில் துணி. டிப்பருக்கு ஒரு கை, டவுன் பஸ்ஸுக்கு ஒரு கை, நடுவில் சைக்கிளில் வந்தவருக்கு ஒரு விசில். செல்வம் ஓரத்தில் நின்று "சார்" என்றான். கேட்கவில்லை. மறுபடி, "சார், நான் எறையூர் செல்வம் சார். காலு அடிபட்டவன்."

அவர் திரும்பினார். முகத்துணியை இறக்கினார். "இருப்பா. அந்த பஸ்ஸ அனுப்பிட்டு வரேன்."

பஸ்ஸை அனுப்பிவிட்டு, உடன் இருந்த காவலரை நிற்கச் சொல்லிவிட்டு, எங்களிடம் வந்தார். செல்வம் பேசத் தொடங்கினான். "நீங்க தொரத்தலன்னு நான் சொல்லியிருக்கணும் சார். என்னால உங்கள மாத்திட்டாங்க. என்னைய மன்னிச்சிருங்க."

ஏட்டு கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"கோவம் இருந்துச்சுப்பா. இல்லன்னு சொன்னா பொய்யி. வூட்ல புள்ளைங்க கேட்டுச்சு, 'அப்பா, நீ தொரத்துனியா'ன்னு. அதுதான் கஷ்டமா இருந்துச்சு." சாலையைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு, நானும் யோசிச்சேன். வளைவு திரும்புன ஒடனே நான் நின்னுருக்கக் கூடாது. வரவனுக்கு யோசிக்க நேரமே இல்ல. அதுக்கப்புறம் எங்க ட்யூட்டி போட்டாலும், தூரத்துலயே தெரியிற மாதிரி நேர் ரோட்லதான் நிக்கிறேன். புதுப் பசங்களுக்கும் அதத்தான் சொல்றேன்."

"உங்க வூட்டுக்கு வந்து புள்ளைங்ககிட்ட நானே சொல்றேன் சார்" என்றான் செல்வம்.

"வா. ஞாயித்துக்கெழம வா." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வண்டி ஓட்டுறியா இப்ப?"

"இல்ல சார்."

"ஓட்டு. ஆயுசுக்கும் பஸ்லயேவா போவ?" சொல்லிவிட்டு ரவுண்டானாவுக்குத் திரும்பி நடந்தார். நடந்துகொண்டே ஒரு கையைத் தூக்கி ஒரு லாரியை நிறுத்தினார்.

காருக்கு வந்ததும் நான் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன். செல்வம் வெளியே நின்று என்னைப் பார்த்தான்.

"அண்ணி, எடது காலு..."

"இது ஆட்டோமேட்டிக். இடது காலுக்கு வேலையே இல்லை. லைசென்ஸ் இருக்குல்ல?"

"அது பாக்கெட்லயேதான் கெடக்கு."

டவுன் முடியும்வரை மாட்டு வண்டி வேகம். பின்னால் ஹார்ன் அடித்தவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. வெள்ளைத் தூசி முடிந்து கறுப்பு மண் தொடங்கியபோது அவன் தோள்கள் கொஞ்சம் இறங்கின. நாற்பதில் போனான். பிறகு ஐம்பதில்.

பெரம்பலூருக்குச் சற்று முன்னால், ஒரு புளியமரத்தடியில், ஒரு கை உயர்ந்தது.

செல்வத்தின் தாடை இறுகியது. கண்ணாடியைப் பார்த்தான். இண்டிகேட்டர் போட்டான். இரண்டு பைக்குகளை முன்னால் போகவிட்டு, வேகத்தைக் குறைத்து, தாரை விட்டு முழுசாக மண்ணில் இறக்கி நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். கண்ணாடியை இறக்கினான்.

ஒரு இளம் காவலர் வந்து குனிந்தார். "லைசென்ஸ்."

"சட்டப் பையில இருக்கு சார், எடுக்கிறேன்" என்று சொல்லி எடுத்தான். காவலர் அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"சரி, போலாம்."

அவர் அடுத்த வண்டிக்குக் கை காட்டப் போய்விட்டார். செல்வம் அட்டையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். புளியமரத்தின் நிழல் கண்ணாடியில் ஆடியது.

"அவ்வளவுதானா அண்ணி?"

"அவ்வளவுதான்."